புரட்டாதிச் சனியில் ஒரு புறோஷே

பாரிசில், ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் வடக்கு முனையில் தர்மராசா மீன் கடை வைத்திருந்தார். மீன் வெட்டும்போதெல்லாம் மீன் பிடித்த கதையும் சொல்லுவார். பாரை வெட்டினால் பாரை பிடித்த கதை வரும், விளை மீன் வெட்டினால் விளை மீன் பிடித்த கதை. காரைநகருக்கு அப்பால் சுறா ஒன்று தன்னை வள்ளத்தோடு இழுத்துக்கொண்டு போன கதையைக் கேட்பதற்காகவே சிலர் வரிசையில் தங்கள் முறையைப் பின்னால் நிற்பவருக்கு விட்டுக்கொடுப்பதுண்டு.

உண்மை அவருடைய மனைவி ரதிதேவிக்கு மட்டும் தெரியும். இருவரும் கோண்டாவில் ஆட்கள். அங்கே தண்ணீர் என்றால் கிணறுதான். தர்மராசா கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதே இல்லை. அவர் சுறாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் ரதிதேவி முகத்தைத் திருப்பி றால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மகள் றொஷானி பாரிசில் பிறந்தவள். அந்தக் கதைகளை முழுதாக நம்பி வளர்ந்தவள். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவள் வாங்கிக் கொடுத்த பரிசு, மார்ன் ஆற்றில் ஒரு முழு நாள் மீன்பிடி. இரண்டு பேருக்கு.

“கீட் ஒருத்தர், வழிகாட்டி, வள்ளத்தோடை வருவார் அப்பா. புறோஷே, சாந்ர் ரெண்டும் பிடிக்கலாம். எல்லாம் அவர் சொல்லித் தருவார்.”

“எனக்கோ? எனக்குச் சொல்லித்தர ஒருத்தனோ?” என்று தர்மராசா சிரித்தார். அந்தச் சிரிப்பு சற்றுத் தாமதித்துத்தான் வந்தது.

புறோஷே என்பது தாரா வாத்தின் சொண்டு போல வாய் நீண்ட, வாய் நிறையப் பல்லுள்ள ஆற்று மீன். சாந்ருக்குக் கண்ணாடிக் கண். முதுகில் முள்ளுச் செட்டை. இரண்டையுமே தர்மராசா பிரெஞ்சுக்காரரின் கடைகளில் ஐஸில் படுத்திருக்கத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் மறுநாளே கடையில் செய்தி பரவிவிட்டது. பரப்பியவர் அவரேதான்.

“தலை எனக்கு, தர்மண்ணை. கூழுக்குப் போடலாம்” என்றார் தமிழ்க் கடைகள் நிறைந்த அந்த லா சப்பல் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த புனிதவதி அக்கா. இன்னொருவர் நடுத்துண்டு கேட்டார். வேறொருவர் சினை இருந்தால் தனக்கு என்றார். தர்மராசா ஒருவருக்கும் இல்லை என்று சொல்லவில்லை.

ரதிதேவிக்குத்தான் சிக்கல். குறித்த நாள் புரட்டாதிச் சனி.

“சனி விரதத்திலை மீன் பிடிக்கப் போறதோ? எள்ளெண்ணெய் எரிக்கிற நாளிலை ஒரு உயிரைப் பிடிச்சுக் கொல்லுறதோ?”

“மமா, ரெண்டு பேருக்கு றிசர்வ் பண்ணியாச்சு” என்றாள் றொஷானி. அவளுக்கு முகம் வாடிவிட்டது.

மகளின் முகத்துக்காக ரதிதேவி இறங்கிவந்தாள். “நான் சும்மா வந்து வள்ளத்திலை இருப்பன். தூண்டிலைத் தொடவும் மாட்டன்.”

அந்தச் சனிக்கிழமை தர்மராசா கடையைத் தன் மருமகன் றமேசிடம் விட்டுவிட்டு, வீடு இருந்த பொண்டியிலிருந்து கடையின் வான் வண்டியில் மனைவியோடு புறப்பட்டார். மோ நகருக்குக் கிட்ட ஆற்றங்கரையில் கீட் காத்துக்கொண்டு நின்றான். அர்னோ என்று பெயர். தாடி வைத்த, மெல்லப் பேசுகிற இளைஞன். தர்மராசா கைகுலுக்கிவிட்டு, ஐஸ் பெட்டியைத் திறந்து பெருமையாகக் காட்டினார். உள்ளே தன் கடையின் மிகப் பெரிய றால்கள்.

அர்னோ றால்களைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். பிறகு தன் பெட்டியைத் திறந்து பச்சை நிற றப்பர் மீன் ஒன்றை எடுத்தான். தான் இதால்தான் பிடிப்பதாகச் சொன்னான்.

“றப்பரோ!” என்றார் தர்மராசா மனைவியிடம். “இஞ்சத்தை மீன் எல்லாம் அவ்வளவு மோடு, றப்பருக்கும் இரைக்கும் வித்தியாசம் தெரியாது.”

அடுத்த தகராறு ரதிதேவியின் பையிலிருந்து வந்தது. விரதத்துக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தாள். அதைக் கண்டதும் அர்னோவின் முகம் மாறியது. வள்ளத்தில் வாழைப்பழம் ஏறினால் மீன் கிடைக்காதாம். மீன்பிடிக்காரரின் பழைய நம்பிக்கை. வானில் வைத்துவிட்டு வரச் சொன்னான்.

தர்மராசா மொழிபெயர்த்தார். ரதிதேவி சற்று யோசித்தாள். “அவனுக்கும் ஒரு நம்பிக்கை இருக்கத்தானே வேணும். ஆனால் வெயிலிலை வானுக்கை வைச்சால் பழம் கனிஞ்சு போடும். சாப்பிட்டிட்டுப் போவம்.”

மூவரும் கரையில் நின்று வாழைப்பழம் சாப்பிட்டார்கள். அர்னோவுக்கும் கொடுத்தாள், அவன் மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டான். மிச்சம் முழுவதும் தர்மராசாவின் வயிற்றுக்குள் போனது.

வள்ளத்தில் ஏறிய பிறகு தர்மராசாவின் காலம் சரியில்லாமல் போயிற்று. முதல் வீச்சில் தூண்டில் அர்னோவின் தொப்பியைக் கொழுவிக்கொண்டு ஆற்றுக்குள் போட்டது. அடுத்த வீச்சு எதிர்க்கரை மரத்தில் சிக்கியது. அர்னோ பொறுமையாக வள்ளத்தை ஓட்டிப்போய், கிளையிலிருந்து றப்பர் மீனைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

“கடலிலை இப்பிடி மரம் நிக்காது” என்றார் தர்மராசா.

ரதிதேவி முகத்தைத் திருப்பினாள். பார்ப்பதற்கு றால் பெட்டி வானில் இருந்தபடியால், தண்ணீரைப் பார்த்தாள்.

வெயில் ஏறியபோது தர்மராசாவின் தூண்டிலில் உண்மையாகவே ஒன்று கடித்தது. தண்ணீருக்கு மேலே பொன்னிறமான ஒரு பக்கமும் பளிங்குக் கண்ணும் தெரிந்தன. சாந்ர்! அர்னோ அத்தாங்கு வலையைக் கையில் எடுத்து, வலை கீழே வரும்வரை மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருக்கச் சொன்னான். சுறாவையே பிடித்தவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாரா? நைலோன் நூலான தங்கூசியைக் கையில் சுற்றி ஒரே தூக்காகத் தூக்கினார். மீன் காற்றில் ஒருமுறை உதறியது. தங்கூசி அறுந்தது. சாந்ர் போய்விட்டது.

அர்னோ வலையைக் கீழே வைத்தான். “சே பா க்ராவ், மிசியூ” என்றான். பரவாயில்லையாம்.

அவன் வேறொரு றப்பர் மீனைக் கட்டிக் கொடுக்க, தர்மராசா அதை ஆற்றில் விட்டார். புனிதவதி அக்காவுக்கு என்ன சொல்லுவது என்று அவருடைய மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அதோடு வாழைப்பழமும் வயிற்றுக்குள் வேலையைத் தொடங்கியிருந்தது. கரையோரம் விடச் சொல்லிக் கேட்டு, தூண்டிலை மனைவியிடம் நீட்டினார்.

“இதை ஒருக்காப் பிடியும். நான் அந்தப் பத்தைக்குப் பின்னாலை போயிட்டு வாறன்.”

“நான் தொட மாட்டன் எண்டனான்.”

“மீன் பிடிக்கச் சொல்லேல்லை. தடியைப் பிடியுமெண்டுதான் சொல்லுறன்!”

அவசரம் அவர் முகத்தில் எழுதியிருந்தது. ரதிதேவி வாங்கிக்கொண்டாள். றப்பர் மீன் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. தர்மராசா பற்றைக்குப் பின்னால் மறைந்ததும் தடி வில்லாக வளைந்தது.

“ஐயோ! இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோ!”

தர்மராசா ஒரு கையால் அவிழ்ந்த களிசானைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் வள்ளம் கரையை விட்டு விலகியிருந்தது; ஏற வழியில்லாமல் கரையில் நின்றபடியே கத்தினார். “இழும்! விடாதையும்! இழும்!”

“துஸ்மோ, மதாம், துஸ்மோ” என்றான் அர்னோ பக்கத்தில் குந்தியிருந்து. மெதுவாக இழுக்க வேணுமாம்.

“அந்தப் பெடியன் துஸ்மோ எண்டுறான், நீங்கள் இழு எண்டுறியள். நான் எதைக் கேக்கிறது?”

“அவனுக்கு என்ன தெரியும்!”

ரதிதேவி அர்னோவின் கையைப் பார்த்தாள். அவன் உள்ளங்கையைத் தாழ்த்தினால் நூலை விட்டாள். விரலைச் சுழற்றினால் சுற்றினாள். அவளுக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது. ஆனால் பள்ளிக்கூடக் கன்டீனில் வேலை செய்கிறவளுக்குக் கைப்பாஷை புரியும். மீன் வள்ளத்துக்கு அடியால் ஓடியது, திரும்பியது, மேலே வந்து தலையை உதறியது. “முருகா, இதென்ன முதலையோ!” என்று கத்தினாளே தவிர தடியை விடவில்லை. கடைசியில் அர்னோ வலையை நீட்ட, பச்சை உடம்பில் மஞ்சள் புள்ளி விழுந்த ஒரு பெரிய புறோஷே அதற்குள் வந்து விழுந்தது. கிட்டத்தட்ட ஒரு மீற்றர்.

“அது என்ரை தூண்டில்!” என்று கரையிலிருந்து சத்தம் வந்தது.

அர்னோ வள்ளத்தைக் கரையோடு அணைத்து அவரை ஏற்றினான். கைகளை நனைத்து மீனைப் பிடிக்கும் விதத்தை ரதிதேவிக்குக் காட்டிப் படம் எடுத்தான். தர்மராசா ஐஸ் பெட்டி வானில் இருப்பதாகச் சொல்லி இறங்கப் போனார். அர்னோ இல்லை என்று தலையாட்டினான். தன் வள்ளத்தில் பிடிக்கிற மீன் எல்லாம் ஆற்றுக்கே திரும்பப் போகுமாம். முன்பதிவின்போதே சொல்லியிருந்தானாம்.

“என்னவாம்?” என்றாள் ரதிதேவி.

தர்மராசா தொண்டையைக் கனைத்தார். “திருப்பி விடவேணுமாம். விசரன்! நாங்கள் இதை எவ்வளவு பேருக்கு...”

“உண்மையாவோ?” ரதிதேவியின் முகம் மலர்ந்தது. “நல்ல பிள்ளை! சனீஸ்வரன்தான் இவனை அனுப்பியிருக்கிறார்.” அர்னோவிடம் திரும்பி, “வுய், வுய்! மெர்சி!” என்று கும்பிட்டாள்.

வாலைப் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்திருக்கும்படி அர்னோ காட்டினான். அவளுடைய முதுகு வலிப்பதைக் கண்டு தர்மராசாவையும் குனிந்து தாங்கச் சொன்னான். முணுமுணுத்தபடியே அவர் கையை மீனின் அடியில் கொடுத்தார். அது செவுளைத் திறந்து திறந்து மூடியது. வயிற்றின் துடிப்பு அவருடைய உள்ளங்கையில் தட்டியது. இத்தனை வருடமாக ஆயிரக்கணக்கான மீன்களைத் தூக்கியிருக்கிறார். அவற்றில் ஒன்றுகூட அவருடைய கையில் அசைந்ததில்லை. புறோஷேயின் கண் உருண்டு அவரைப் பார்ப்பது போலிருந்தது. முணுமுணுப்பு தானாக நின்றுவிட்டது. பிறகு வால் ஒருமுறை அடித்தது, இருவர் முகத்திலும் தண்ணீர், மீனைக் காணவில்லை.

“போயிட்டுது” என்றார் தர்மராசா மிகச் சிறிய குரலில்.

திரும்பும் வழியில் வானை ஓட்டிக்கொண்டே ஒரு கதை தயாரித்தார். மீன் இவ்வளவு பெரிதென்றும், வள்ளம் தாங்காதென்றும், தானே பெரிய மனது பண்ணி விட்டுவிட்டதாகவும். ஆனால் அர்னோ படத்தை றொஷானிக்கு அனுப்பியிருந்தான். றொஷானி குடும்பக் குழுவில் போட்டிருந்தாள். அது லா சப்பலுக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கும்? படத்தில் ரதிதேவி புறோஷேயைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள். பின்னால் களிசானைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு தர்மராசா நின்றார்.

புதன்கிழமை புனிதவதி அக்கா வந்தார். “தலை எங்கை, தர்மண்ணை?”

“விட்டிட்டம் அக்கா.”

“எங்கை விட்டனியள்?”

“ஆத்திலை.”

“மீன் கடைக்காரன் மீனைக் கொண்டுபோய் ஆத்திலை விட்டானாம்!” என்று அவர் கடை முழுக்கக் கேட்கச் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். றமேஸ் தராசுக்குப் பின்னால் குனிந்துகொண்டான். ரதிதேவிக்கு வேலை இல்லாத நாள்; அவளும் கடையில்தான் நின்றாள். அன்று முகத்தைத் திருப்பவில்லை. மீன் எப்படி இழுத்தது, எப்படி உதறியது என்று எல்லோரும் அவளைக் கேட்டார்கள். அவள் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். அதுவே சுறாக் கதையை விட நன்றாயிருந்தது. தர்மராசாவும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

பின்னேரம் றொஷானி போன் எடுத்தாள். குளிர் தொடங்கினால் சாந்ர் நன்றாகக் கடிக்குமாம். மதாம் வருவாவோ என்று அர்னோ கேட்டானாம்.

“வாறன் எண்டு சொல்லு” என்றாள் ரதிதேவி.

தர்மராசா மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். “நானும் வரலாமோ?”

ரதிதேவி அவரைப் பார்த்தாள். “வாங்கோ. வலையைப் பிடிக்க ஆள் வேணும்தானே. ஆனால் அங்கை வந்து கத்தக்கூடாது.”

“ஓம்” என்றார் தர்மராசா.