உப்புப் பார்க்காத சீஸ்

பதினொரு மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து தேவசேனா அம்மாள் வந்துவிடுவார். இப்போது மணி எட்டரை. சபுரா குளிரறைக் கதவைச் சாத்திவிட்டு, மிளகு சீஸ் வட்டைத் துணி விரித்த மேசைமேல் வைத்தாள். இரண்டு கிலோ இருக்கும். உடம்பெல்லாம் வெண்ணெய் நிறம், ஊடே பண்ணைக்காட்டு மிளகின் கறுப்புப் புள்ளி.

மிளகு போடுவது அவளுடைய யோசனைதான். பெருமாள்மலையில் பரமானந்தம் நடத்துகிற அந்தச் சின்ன சீஸ் பட்டறையில் அதுவரைக்கும் செய்ததெல்லாம் வெள்ளைக்காரர் ஊர்ப் பேர் வைத்த சரக்கு. "மாடு நம்ம ஊரு மாடு, மிளகு நம்ம ஊரு மிளகு. பேரு மட்டும் ஏன் சார் அடுத்தவங்க பேரு?" என்று ஆறு மாதம் விடாமல் கேட்டாள். தொந்தரவு பொறுக்காமல் ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், ஏழு கடை வைத்திருக்கிற தேவசேனா அம்மாளையும் சுவை பார்க்க அழைத்துவிட்டார். அந்த அம்மாள் எடுத்துக்கொண்டால் மிளகு சீஸுக்குச் சபுராதான் பொறுப்பு, வேலையும் நிரந்தரம். இல்லையென்றால் இந்த மாதக் கடைசியோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. பால்வளப் படிப்பைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு, பழனி பஜாரில் அத்தா ஒலியுல்லாவின் துணிக்கடைக் கல்லாவில் போய் உட்கார வேண்டியதுதான். அத்தா வற்புறுத்துகிறவர் இல்லை. "வந்தா சந்தோசம்மா" என்று மட்டும் சொல்வார். அந்தச் சந்தோசத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ரெஜினா வெட்டுக் கம்பியைச் சுடுதண்ணீரில் அலசிக்கொண்டு வந்தாள். பத்து வருடமாக அந்தப் பட்டறையில் பால் காய்ச்சுகிறவள். சபுரா அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, இதப் போட்ட அன்னைக்கு ரெண்டாம் உப்பு எவ்வளவு போட்டீங்க? அந்தம்மா கேட்டா சொல்லணும்ல."

"நான் எங்க போட்டேன்? நீதான போட்டே?"

சபுரா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பட்டறையில் உப்பை ஒரே மூச்சில் போடுவதில்லை. மலைப் பால் ஒரு நாளைப் போல இன்னொரு நாள் இருக்காது. பாதி உப்பை நிறுத்துப் போட்டுப் பிசிறிவிட்டு, திரண்ட கட்டியில் ஒரு துணுக்கை வாயில் வைத்துப் பார்ப்பார்கள். மீதியை நாக்கு சொல்கிறபடி போடுவார்கள்.

"நான் எப்படிக்கா வாயில வைப்பேன், நோன்பு நாளு. நீங்க பாத்துருவீங்கன்னுதான மிளகு இடிக்கப் போனேன்."

"சமைக்கிறவங்க உப்புப் பாத்துட்டுத் துப்பிருவாங்க, நோன்பு முறியாதுன்னு நீதான் சொன்னே. அப்படிப் பாத்துருப்பேன்னு நெனச்சேன்."

"அது குழம்புக்குக்கா. இது நாக்குல ஒட்டிக்கிரும், தொண்டைக்குப் போயிருமோன்னு பயம். சரி, நீங்க ஏன் பாக்கல?"

ரெஜினா கம்பியைத் துடைத்த இடத்திலேயே துடைத்தாள். "எனக்கும் தவக்காலம்ல. சாம்பல் புதன்லருந்து பாலு, மோரு, சீஸு எதையும் தொடுறதில்லன்னு நேர்ச்ச."

அந்த வருடம் ரம்ஜானும் தவக்காலமும் ஒரே வாரத்தில் ஆரம்பித்திருந்தன. அவள் நாக்கை நம்பி இவளும், இவள் நாக்கை நம்பி அவளும் இருந்ததில் பாதி உப்பு கிண்ணத்திலேயே தங்கிவிட்டது.

சபுரா பால் கேன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"சார்கிட்டக் குடுத்துப் பாக்கச் சொல்வோமா?"

"அவருக்கு மூணு நாளா சளி. காபியையும் கசாயத்தையும் ஒண்ணுபோலக் குடிக்கிறாரு." ரெஜினா கத்தியை எடுத்தாள். "இரு, நானே ஒரு துண்டு வாயில வச்சுச் சொல்றேன்."

"வேணாங்க்கா. நேர்ச்ச."

"நேர்ச்ச கெடக்கு."

"டிக்சன் அண்ணன் காலுக்கு வேண்டுனதா?" டிக்சன் ரெஜினாவின் வீட்டுக்காரர்.

"அந்த மனுசன் வண்டிய விட்டு எறங்கி நடந்தாலே காலு சரியாயிரும், அதுக்கு எதுக்கு நேர்ச்ச?" ரெஜினா குரலைத் தணித்தாள். "உனக்கு இங்கயே வேல நெலைக்கணும்னு வேண்டுனேன்."

சபுரா எழுந்து போய் அவள் கையிலிருந்த கத்தியை வாங்கித் தள்ளி வைத்தாள்.

"நல்லா வேண்டுனேன் போ," என்றாள் ரெஜினா. சிரித்தாள், கண்ணும் கலங்கியது. "உன் சீஸுக்கு உப்பில்லாமப் பண்ணிட்டேன்."

"ரெண்டு பேரும்தான் பண்ணுனோம். அந்தம்மா வாயில வைக்கிறதுக்கு முன்னால நானே சொல்லிர்றேன்."

தேவசேனா அம்மாள் மலை வளைவுகளில் தலை சுற்றி வந்து இறங்கினார். முகம் கழுவிவிட்டு மேசைக்கு வந்தவரிடம் சபுரா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பரமானந்தத்துக்கும் அப்போதுதான் தெரியும். மூக்கைச் சிந்திக்கொண்டு, "ரெண்டு நாக்கு இருந்து என்ன பிரயோசனம்?" என்றார்.

தேவசேனா அம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"உப்பு பத்தல. மிளகு நல்லாருக்கு, கடிச்ச பிறகுதான் காரம் வருது. ஆனா இத நான் எடுத்துக்க முடியாது."

சபுரா தலையாட்டினாள்.

"அடுத்தது எப்பப் போடுவீங்க?"

"ஈஸ்டர் முடியட்டும்மா," என்றார் பரமானந்தம்.

ஈஸ்டர் ஏப்ரலில். அதற்குள் அவள் பழனிக்குப் போயிருப்பாள்.

"இன்னைக்கே போடலாம் சார்," என்றாள் சபுரா. "எப்பவும் காலைப் பால்ல போடுறோம், உப்புப் போடுறப்ப நடுப்பகல். மதியப் பால் ரெண்டரைக்கு வந்துருது. அதுல போட்டா உப்புக்கு மணி ஏழு ஆயிரும். நோன்பு தொறந்துருப்பேன். நானே வாயில வச்சுப் பாத்துப் போடுவேன். மூணு வாரத்துல தயார்."

"மூணு வாரம் கழிச்சுன்னா ஒப்பந்தம் முடிஞ்சிருமேம்மா," என்றார் பரமானந்தம்.

"அப்பவும் எனக்கு இந்தப் பொண்ணுதான் வெட்டித் தரணும்," என்றார் தேவசேனா அம்மாள். "தப்பச் சொல்லிட்டு சாப்பிடக் குடுத்த ஆள நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

பரமானந்தம் கைக்குட்டையை மடித்தார். "ஏப்ரல் கடைசி வரைக்கும் நீட்டிர்றேன். அந்தம்மா சரின்னு சொன்னா நீ எங்கயும் போக வேணாம். உப்பப் பாத்துப் போடு, அவ்வளவுதான்."

சாயங்காலம் சபுரா பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தாள். வாயை மூன்று தடவை கொப்பளித்துவிட்டுத் தொட்டிக்கு வந்தாள். முதல் பாதி உப்பு போட்டாகிவிட்டது. ஒரு துணுக்கை எடுத்து வாயில் வைத்தாள். தன்னுடைய மிளகு சீஸை அவள் ருசி பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ரெஜினா உப்புக் கிண்ணத்தோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வெரசாச் சொல்லு புள்ள."

"இன்னும் ஒரு கை போடுங்க."

போட்டுப் பிசிறினார்கள். சபுரா மறுபடி வாயில் வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

மூன்றாவது தடவை மெதுவாக மென்றாள். கிண்ணத்தை வைத்துவிடும்படி கையைக் காட்டிவிட்டு, இன்னொரு கட்டியை எடுத்து வாயில் போட்டாள்.

"சரியாயிருச்சுல்ல, பிறகு என்ன?"

"பசிக்குதுக்கா," என்றாள் சபுரா.