கண் மஞ்சளான காரணம்

தலை சீவிக்கொண்டிருந்த கணவனின் கண்களைக் கண்ணாடியில் பார்த்ததுமே அவள் அவனைத் தன் பக்கம் திருப்பினாள். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது.

அவன் வெல்டர். ஒரு காலத்தில் குடித்துக் குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்டவன். ஈரல் சுருங்கிவிட்டது, இனி ஒரு சொட்டும் ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்றோடு விட்டுவிட்டான். விட்டுவிட்டான் என்றுதான் அவளும் நம்பியிருந்தாள்.

"திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா?"

இல்லை என்றான். பட்டறையில் இன்னும் சிலருக்கும் காய்ச்சலும் வாந்தியுமாக இருக்கிறது, தொட்டித் தண்ணீர்தான் சரியில்லை போல என்றான். அது அவள் காதில் ஏறவில்லை. அவன் வேலைக்குப் போனதும் பரண், கட்டிலுக்கடி, சாமான் பை என்று வீட்டையே புரட்டினாள். பாட்டில் கிடைக்கவில்லை. சந்தேகமும் போகவில்லை. அவன் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். வியர்வையும் இரும்பும்தான் நாறின. இருப்புக்கொள்ளாமல் அவனுடைய அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அண்ணன் வந்து, மனைவி எதிரிலேயே தம்பியை வாயை ஊதச் சொன்னார். அவன் ஊதினான். பிறகு போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் அரைமனதாகச் சொன்னபோது திரும்பாமலே கேட்டான்.

"எதுக்கு? அங்கயும் இதத்தான் கேப்பாங்க."

நாட்கள் ஓடின. அவன் சாப்பாட்டைத் தொடவில்லை. ஒரு மாலை சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு, வாய் குழற, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நினைத்து அவள் கத்தப் போனாள். அவனோ அவளைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்டான். அப்போதுதான் அவள் பதறிப்போய் ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தார். "குடியால வந்ததில்லம்மா. ஹெபடைடிஸ் 'ஏ'ன்னு ஒரு வைரஸ், அசுத்தமான தண்ணியில, சாப்பாட்டுல வரும். நல்ல ஈரலா இருந்தா பெரும்பாலும் தானா தேறிடும். இவரோடது ஏற்கெனவே பழுதானது, தாங்கல, அதான் மூளையும் குழம்பிடுச்சு. தடுப்பூசி போட்டிருக்கீங்களா?"

அவள் தலை கவிழ்ந்தது. ஈரல் கெட்டபோதே டாக்டர் போடச் சொல்லியிருந்தார். தானே கெடுத்துக்கொண்டவனுக்கு ஊசி ஒரு கேடா என்று அண்ணன் சிரித்திருந்தார். அவளும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பிழைப்பானா என்று சொல்ல முடியாத நிலையில் அவன் கிடந்தான். வராந்தாவுக்கும் கட்டிலுக்குமாக அவள் நடந்துகொண்டே இருந்தாள். ஒருவழியாக அவன் கண் விழித்து அவளை அடையாளம் கண்டுகொண்டான். முழுதாகத் தேற இன்னும் வெகு காலம் ஆகும் என்றார்கள்.

பார்க்க வந்த அண்ணன் அவளைத் தனியே அழைத்து, தணிந்த குரலில் கேட்டார்: "நெஜமாவே அவன் குடிக்கலியாம்மா?"

"குடிக்கல மாமா. குடிச்சே இருந்தாலும் மொதல்ல ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்கணும். ஈரல் கெட்ட மனுஷனுக்குத்தான் தடுப்பூசி அவசியம், கண்ணு மஞ்சளானா அன்னைக்கே ரத்தத்த டெஸ்ட் பண்ணணும். நாம என்ன பண்ணோம்? அவர் யோக்கியமானவரான்னு டெஸ்ட் பண்ணிக்கிட்டிருந்தோம்."