ஒப்பமிடாத ஒப்பீடு

புத்தளத்தில் குடிநீர்த் திட்ட அலுவலகமொன்றில் ஸுஹைரா பொறியியலாளராக இருந்தாள். மன்னாரிலிருந்து 1990இல் மற்ற முஸ்லிம்களோடு விரட்டப்பட்ட குடும்பம். அவள் பிறந்தது புத்தளத்து முகாமில். வேறு யாரோ முடிவெடுத்துவிட்டுத் தங்களிடம் சொல்லும் வழக்கத்தை அவளுக்குச் சிறுவயதிலிருந்தே பிடிக்காது.

உச்சமுனைத் தீவுக்கு உவர்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்று வேண்டியிருந்தது. தீவிலுள்ளவர்கள் குடிதண்ணீரைக் கற்பிட்டியிலிருந்து படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நிலையத்தை வடிவமைக்க இரண்டு முறைகள் பேசப்பட்டன. முழுவதையும் அலுவலகத்திலேயே வரைந்து முடித்து ஒரேயடியாகக் கட்டுவது ஒன்று. சிறிய பகுதியைக் கட்டி, பாவித்துப் பார்த்து, பிழை திருத்தி, அதன் பிறகு அடுத்த பகுதியை வரைவது மற்றது. இரண்டையும் ஒப்பிடும் வேலை ஸுஹைராவிடம் வந்தது.

எந்த அம்சம் எவ்வளவு முக்கியம் என்று முதலில் புள்ளி கொடுத்தாள். பழுதானால் தீவிலுள்ளவர்களே திருத்தக்கூடியதா என்பதற்கே கூடிய புள்ளி. கணக்கில் இரண்டாம் முறை வென்றது.

பணிப்பாளர் மிஹ்லார் கெட்டவரல்ல. ஆனால் நிதி தருபவர்களுக்கு முழு வரைபடம் காட்டுவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். தீவிலுள்ளவர்களே திருத்துவதற்கான அந்தப் புள்ளியைக் குறைத்து, முதலாம் முறை வெல்லும்படி மாற்றி ஒப்பமிடும்படி அவளிடம் சொன்னார்.

"விடையை வெச்சிக்கிட்டு கேள்வியை மாத்தச் சொல்றீங்க, சேர். நான் ஒப்பம் வைக்க மாட்டன்."

வேறொருவர் வைப்பார் என்றார் அவர். நிதி தருபவர்களுடனான கூட்டத்தன்று திரையில் வந்தது மாற்றிய கணக்குத்தான். ஆனால் அவரிடம் கேட்காமலே ஸுஹைரா ஒருவரை அழைத்திருந்தாள். உச்சமுனை மகளிர் சங்கத் தலைவி அனஸ்தாசியா, கடைசிக் கதிரையில் இருந்தார். நிதி தருபவர்களின் முன்னால் ஸுஹைரா எழுந்து, திரையிலிருப்பது தன் கணக்கல்ல என்றாள். எந்தப் புள்ளி, ஏன் குறைக்கப்பட்டது என்பதையும் சொன்னாள். மிஹ்லார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்ததாக அனஸ்தாசியா எழும்பினார்.

"பெரிய மெசின் உடைஞ்சா நாங்க யாருக்கு கோல் எடுக்கிற? நீங்க வரும் வரைக்கும் புள்ளைகள் எதைக் குடிக்கிற?"

நிதி தருபவர்கள் தங்களுக்குள் கதைத்துவிட்டு, முதலில் சிறிய நிலையமொன்றைக் கட்டிப் பார்க்கச் சம்மதித்தார்கள். தோற்றால் பழி அவளுடையதுதான் என்று மிஹ்லார் வெளியே வந்ததும் சொன்னார். பழியோடு தன் பெயரையும் எழுதி வைக்கும்படி அவள் சொன்னாள்.

நிலையம் மாரியில் நன்றாக ஓடியது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கியதும், தீவைச் சுற்றியுள்ள கடலேரியான களப்பின் அடிச்சேறு கலங்கி, சாதாளை என்னும் கடற்புல்லும் சேர்ந்து, தண்ணீர் இழுக்கும் குழாய் அடைத்துக்கொண்டது. செய்தி கேட்டு ஸுஹைரா படகேறினாள். அங்கே போனபோது, அவள் பழக்கிக் கொடுத்தபடியே சங்கத்துப் பெண்கள் வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கழுவினால் மட்டும் போதாது என்பது அவளுக்கு விளங்கியது. களப்பிலிருந்து நேரே இழுக்காமல், கரையில் கிணறு தோண்டி, மணலினூடாக ஊறி வரும் நீரை எடுக்க வேண்டும். அனஸ்தாசியாவிடம் விளக்கினாள். அன்றைக்கே தோண்டத் தொடங்கினார்கள்.

மிஹ்லார் தொலைபேசியில் கூப்பிட்டார். அவளுடைய முறை தோற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னார்.

"ஓம் சேர், குழாய் அடைச்சிட்டுது. சின்னதா கட்டினபடியா சின்னதா அடைச்சிருக்கு. உங்கட வரைபடத்துலயும் இதே குழாய்தான், இதே இடந்தான். அதைக் கட்டி, படகுல தண்ணி ஏத்துறதையும் நிப்பாட்டியிருந்தா இண்டைக்கு இந்தத் தீவுக்கே தண்ணியில்ல. இப்ப கரையில கிணறு தோண்டுறம்."

கிணறு எவ்வளவு ஆழம் என்று மிஹ்லார் கேட்டார்.

"தெரியாது சேர். தோண்டிப் பார்த்துட்டுத்தான் வரைவன். வேணுமெண்டா வந்து பாருங்க."

தொலைபேசியைப் பையில் போட்டுவிட்டு, அபாயாவை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, அவள் குழிக்குள் இறங்கினாள்.