கைதட்டிய பிறகு வாசித்த பேச்சு

மினி பஸ் முதலாளி பொன்னுவேல் எங்கள் பள்ளிக்கு வந்து பேசி முடித்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும்தான். செம்மநத்தத்துக்குப் போகும் சாயங்கால பஸ்ஸை அடுத்த மாதம் நிறுத்தப்போகிறேன் என்பதைத்தான் அவர் அவ்வளவு அழகாகச் சொல்லியிருந்தார். பஸ் நின்றால் அந்த ஊரிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு சிவசக்தியின் படிப்பும் நின்றுவிடும். காட்டு வழியில் நடக்க விடமாட்டேன் என்று அவள் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளும் கைதட்டினாள்.

நல்ல பேச்சு அப்படித்தான் வேலை செய்யும். எப்படி என்பதுதான் மறுநாள் எங்கள் பாடம். செல்போனில் பதிந்திருந்த பேச்சை எழுதி, வரிக்கு ஒரு துண்டாகத் தாளை வெட்டினோம். எஸ்டேட்டில் காப்பிப் பழத்தைத் தண்ணீரில் கொட்டுவார்கள். உள்ளே ஒன்றுமில்லாத பொக்குப் பழம் மிதக்கும், நல்லது மூழ்கும். வரிகளுக்கும் அதே சோதனைதான்.

"ஒவ்வொரு வரியையும் 'உனக்கு எப்படித் தெரியும்'னு கேளுங்க கண்ணு. பதில் இருந்தா மூழ்கும், இல்லைன்னா மிதக்கும்," என்றேன்.

"'நீங்கல்லாம் என் ஊட்டுப் புள்ளைங்க.' மிதக்குதுங்க டீச்சர்," என்றான் கிங்ஸ்டன். "அவரு ஊட்டுப் புள்ளைங்க கார்லதான போறாங்க."

வகுப்பே சிரித்தது. கடைசியாக ஒரு துண்டு மிஞ்சியது: 'ஆறரைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் நாலு பேர்கூட இருப்பதில்லை.'

"இது கல்லாட்டம் மூழ்குதுங்க. நானே பாத்திருக்கேன்," என்றான் கிங்ஸ்டன்.

நானும் தலையாட்டினேன். சிவசக்தி மட்டும் துண்டைக் கீழே வைக்கவில்லை.

"மெய்தானுங்க டீச்சர். நாங்க முப்பது பேரும் போறப்பவே ஊருல எறங்கீர்றோம். அப்புறம் வண்டியில யாரு இருப்பா?"

பதினெட்டு வருடமாக நான் பொய்யைத் தேடத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஓர் உண்மைக்குப் பின்னால் இன்னோர் உண்மை மறைந்து நிற்கும் என்பதை இந்தப் பிள்ளை தானாகவே பார்த்துவிட்டது!

சனிக்கிழமை நானும் சிவசக்தியும் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் பொன்னுவேலைப் பார்க்கப் போனோம்.

"ஏனுங்க ஐயா, வர்றப்ப நாலு பேருன்னீங்க. போறப்ப எத்தன பேருங்க?" என்றாள் சிவசக்தி.

அவர் டிரைவர் சித்தனைப் பார்த்தார்.

"நிக்க எடமிருக்காதுங்க மொதலாளி."

அவ்வளவு பேசத் தெரிந்த மனிதர் சிவசக்தி பக்கம் திரும்பினார்.

"போற கணக்க நான் கேக்கவேயில்ல சாமி," என்றார் மெதுவாக. "சரி, பஸ் ஓடட்டும்."

"எத்தன நாளைக்குங்க?"

சித்தன் சிரித்துவிட்டான். "நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் கண்ணு," என்றார் பொன்னுவேல்.

"எனக்கப்புறம் தங்கச்சி இருக்கறாளுங்க," என்றாள் சிவசக்தி.