வெயிலில் வைத்த இஞ்சிச் சோடா

கல்முனைக் கடைத்தெருவில் றசீனா திறந்த கடையில் குடிக்க ஒன்றும் கிடையாது. வீட்டிலேயே இஞ்சிச் சோடா செய்வதற்கான காய்ந்த இஞ்சி, சீனி, பொங்கவைக்கும் ஈஸ்ட், வெறும் போத்தல், தக்கை, இவைதான் விற்பனைக்கு.

"கடையில வாங்கிக் குடிக்கிறத விட்டுட்டு ஆரு புள்ள மினக்கெடுவா?" என்று சிரித்தார் பக்கத்துத் தையல்கடை இஸ்ஸதீன் காக்கா.

"பொறுத்துப் பாருங்க காக்கா" என்றவள், தான் செய்த சோடாவில் ஒரு போத்தலை எல்லோரும் பார்க்கட்டும் என்று வாசலில் வெயில்பட வைத்தாள்.

மத்தியானம் அது வெடித்தது. சண்டை நடந்த தொண்ணூறுகள் அவை. வெடிச்சத்தம் கேட்டால் என்னவென்று யாரும் விசாரிப்பதில்லை. தெருவே குப்புறப் படுத்தது. காக்கா தையல் மெசினுக்கு அடியில் கிடந்தார்.

முகத்தில் தெறித்த நுரையைத் துடைத்துக்கொண்டு றசீனா தெருவில் இறங்கினாள். "சோடாப் போத்தல்தான், எழும்புங்க! வெயில்ல வெச்சது என்ட பிழை. ஆனா ஈஸ்ட் எவ்வளவு நல்லதெண்டு இப்ப தெரியுதா?"

தெரு சிரித்தது. இடுப்பில் கட்டிய சாரத்தில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்த காக்கா, முறைத்தபடியே கடை வாசலுக்கு வந்தார்.

"பெருநாளைக்கு எனக்கும் சாமான் கட்டித் தா புள்ள."

"தாறன் காக்கா. சத்தத்தோடயா, சத்தமில்லாமலா?"