மூன்றாவது நாடா பாலமுனையில் இருக்கிறது

1

பாஸ்போர்ட் படம் எடுக்கக் கல்முனையில் ஒரு வீடியோ ஸ்டூடியோவுக்குப் போன இடத்தில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. உள்ளறையில் ஒரு பெண் கணினியைப் பார்த்து, "நீ நல்லா இரிப்பியா?" என்று ஏசிக்கொண்டிருந்தாள். வந்த வேலையை மறந்து காதைக் கொடுத்தேன். அங்கே கேட்டது பாதி. மீதி என் கட்டுக்கதை.

முதலில் எழுதிய தொடக்கம்: "சேர்வர் செத்த அன்று கடல் ஓவென்று..."

(வேண்டாம். கடலை இதில் இழுப்பானேன்? மின்னல் அடித்தது, சேர்வர் எரிந்தது.)

2

அந்தப் பெண் நதீரா. ஸ்டூடியோவின் கணினிகளெல்லாம் அவள் பொறுப்பு. எரிந்த சேர்வரில் ஊர்க் கலியாண வீடியோக்கள் அத்தனையும் இருந்தன. அவற்றின் பிரதி காந்த நாடாக்கள் மூன்றில் இருந்தது. நாடாக்களைப் போட்டுப் புதுச் சேர்வரில் எல்லாவற்றையும் மீட்க வேண்டும்.

அவளுக்கு அவசரம் ஒரே வீடியோவில்: தங்கை பஸ்மினாவின் கலியாணம். அன்று சகனில் (பெரிய தட்டொன்றைச் சுற்றியிருந்து சேர்ந்து சாப்பிடுவது) மாப்பிள்ளையின் மாமா கச்சிமுகம்மதுவைச் சாப்பிடக் கூப்பிட்டதாக நதீராவின் வாப்பா ஷரிபுதீன் சொல்கிறார். கூப்பிடவேயில்லை என்கிறார் மாமா. "வீடியோ இரிக்கிதானே, பாப்பம்!" என்று இரண்டு பேரும் ஊரறியச் சவால் விட்டாயிற்று. மாப்பிள்ளை நிப்றாஸ், தான் குடியிருந்த பெண் வீட்டை விட்டுப் பாலமுனைக்கு, உம்மாவிடம் போய்விட்டான். பஸ்மினா அழுது முகம் வீங்கிக் கிடக்கிறாள். நதீராவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

3

நாடா ஓடவில்லை. இயந்திரத்தைத் துடைக்கும் துப்புரவு நாடாவை ஓட்டினாள். பிறகு...

(இங்கே ஒரு பக்கம் தொழில்நுட்பம் எழுதியிருந்தேன். வாசித்த என் மனைவி கொட்டாவி விட்டாள். கிழித்துவிட்டேன்.)

...முதலாவது நாடா ஓடி முடிந்தது. உடனே திரை இரண்டாவதைக் கேட்டது. அலுமாரி வெறுமை.

"மத்த ரெண்டும் எங்க காக்கா?" (காக்கா என்றால் அண்ணன்.)

முதலாளி மீராசாஹிபு பெருமையாகச் சிரித்தார். அவருக்கு வயலும் உண்டு. "வெதநெல்ல ஒரு ஊட்டுலயா வெக்கிற? கடல் வந்தா முழுக்கப் போயிரும். ஒண்டு இஞ்ச, ஒண்டு நற்பிட்டிமுனையில எங்கட ஊட்டுல, ஒண்டு பாலமுனையில."

"காக்கா, வெதநெல்லு ஒரு மூட்ட போனா மத்த மூட்ட மொளைக்கும். இது மூணும் சேந்தாத்தான் ஒண்டு. ஒண்டு இல்லாட்டி ஒண்டுமேயில்ல!"

"அத முதல்லயே செல்லப்படாதா மகள்?"

"பாலமுனையில ஆர்ட ஊட்டுல?"

"நம்மட கச்சிமுகம்மதுட ஊட்டுல. நம்பிக்கையான ஆள்."

நதீரா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

4

கச்சிமுகம்மதுவோடு எனக்கும் தகராறுதான். முதலில் அவரை வில்லனாக்கி, நாடாவைக் கிணற்றில் போட வைத்தேன். (அடித்துவிட்டேன். பாலமுனையில் எனக்கும் சொந்தக்காரர் இருக்கிறார்கள்.) உண்மையில், நாடா வேண்டுமென்று கேட்டதும் மனுஷன் அதை லேஞ்சிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, நிப்றாஸின் பைக்கில் பின்னால் ஏறித் தானே வந்துவிட்டார். நதீராவின் வாப்பாவும் வந்து நின்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நற்பிட்டிமுனை நாடா ஓடியது. பாலமுனை நாடாவும் ஓடியது. பஸ்மினாவின் வீடியோ திரைக்கு வந்தது.

"தொறக்கட்டா?" என்றாள் நதீரா.

மாமா சட்டைப் பையைத் தடவினார்.

"கண்ணாடிய ஊட்ட வெச்சிட்டு வந்துட்டனே..." என்றார் மாமா.

"எனக்கும் தொழுகைக்கு நேரமாகுது" என்றார் வாப்பா.

சவால் விட்ட இரண்டு பேருக்கும் அன்று நடந்தது ஞாபகமில்லை என்பது அப்போதுதான் நதீராவுக்கு விளங்கியது. அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, ஆத்திரமும் வந்தது. "வாப்பா, இப்ப என்ன செய்ற? வாயத் தொறந்து செல்லுங்க!"

வாப்பா தொண்டையைச் செருமினார். "மச்சான், தொழுதுட்டு நம்மட ஊட்ட சாப்பிட வாங்க."

"இது கூப்பிடுறயா?"

"ஓம், கூப்பிடுறன். எல்லாரும் கேட்டுக்கங்க."

மாமா நிப்றாஸைத் திரும்பிப் பார்த்தார். "மருமகன், பைக்க எடு."

5

முடிவு அ: வீடியோவில் ஷரிபுதீன் கையைப் பிடித்துக் கூப்பிடுகி...

முடிவு ஆ: ஷரிபுதீன் வேறு யாரையோ...

இரண்டையும் எழுத எனக்குத் துணிவில்லை. நதீராவும் போய்விட்டாள். திரையில் வீடியோ அப்படியே இருக்கிறது. அறையில் நீங்கள் மட்டும். பார்க்கத்தான் வேண்டுமென்றால் பாருங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் பார்த்தவர் யாரும் அந்த வீட்டுப் பக்கம் வந்துவிட வேண்டாம். அங்கே அடுப்படியில் பஸ்மினா சோறு போடுகிறாள், நிப்றாஸ் பக்கத்தில் நின்று பீங்கான் எடுத்துக் கொடுக்கிறான்.