வாளித் தண்ணீர்

வண்டிக் கொட்டகையில் போய் நிற்கச் சொல்லிவிட்டார்கள். நிதால் தீயணைப்பு வண்டியின் முன் சக்கரத்தின் பக்கத்தில் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றான். கிழக்கு ஜெர்மனியில், சாக்சனியின் அந்த மலையோரத்து ஊரில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தீயணைப்புக்காரன் ஒருவன்கூடக் கிடையாது. சங்கு ஊதினால் தச்சனும் பேக்கரிக்காரனும் பஸ் டிரைவரும் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். தீயணைப்புப் படையில் சேர விரும்புகிறவன் ஒரு வருஷம் அவர்களோடு கூடவே ஓட வேண்டும். பிறகு பிப்ரவரிக் கூட்டத்தில் அவனை வெளியே அனுப்பிவிட்டு, உள்ளே கை தூக்கி முடிவு செய்வார்கள். சிரியாவின் ஹமாவிலிருந்து வந்த நிதால் ஒரு வருஷம் ஓடி முடித்திருந்தான்.

அவன் மனைவி சுஹாவுக்கு இந்த ஊரே பிடிக்கவில்லை. நாட்டின் மேற்கே டோர்ட்முண்டில் இருக்கும் அக்காவிடம் போய்விடலாம் என்று இரண்டு குளிர்காலமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். "நீ தலைகீழா நின்னாலும் இவங்க உன்னச் சேத்துக்க மாட்டாங்க" என்பாள். கடைசியில் அவனும் வாயை விட்டுவிட்டான். "கூட்டம் முடியட்டும். சேத்துக்கிட்டா இங்கயே இருப்போம். இல்லேன்னா அடுத்த வாரமே மூட்டையக் கட்டிடுவோம், சரியா?" சேர்த்துக்கொள்வார்கள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இருந்திருந்தால் அப்படிப் பந்தயம் கட்டியிருப்பானா?

அந்தத் தைரியம் படையில் அவனுக்கு ஜோடியாக ஓடிய ஹைக்கே என்ற பெண் கொடுத்தது. புகைக்குள் போகிறவர்கள் இருவர் இருவராகத்தான் போக வேண்டும். பின்னால் வருகிறவரின் கை முன்னால் போகிறவரின் தோளை விடக்கூடாது. ஒரு வருஷமாக அவன் தோளில் இருந்தது ஹைக்கேயின் கை. மர ஆலையின் நிலவறை எரிந்த அன்று அவளுடைய முகமூடி கழன்றுவிட்டது. அவன்தான் அவளை முதுகில் போட்டுக்கொண்டு படியேறினான். மறுநாள் அவள் ஒரு தட்டு நிறைய ஆப்பிள் கேக் சுட்டு வீட்டுக்கே கொண்டுவந்தாள். சுஹா அன்று மட்டும் டோர்ட்முண்ட் பேச்சை எடுக்கவில்லை.

கூட்டத்துக்கு வந்ததிலிருந்தே எல்லோருக்கும் ஒரே பேச்சு. அமெரிக்காவிலிருந்து வந்த பெரிய பதவிக்காரர் ஒருவர் முந்தின நாள் ஐரோப்பியத் தலைவர்களை உட்காரவைத்து வெளுத்து வாங்கியிருந்தார். வெளியாட்களுக்குக் கதவைத் திறந்துவிட்டுச் சொந்த மக்களின் வாயை அடைக்கிறீர்களே என்றாராம். சிறுவயதில் பள்ளியில் ருஷ்ய மொழி படித்து, அமெரிக்கா என்ற பெயரைக் கேட்டாலே காறித் துப்பியே கிழவனான எபர்ஹார்ட், பீர்க் குவளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பெரிய மனுஷன்யா அவன்!" என்றார். நிதால் சிரித்துக்கொண்டே அவருக்கு உப்புப் பிஸ்கட் தட்டை நகர்த்திவைத்தான். தன்னைப் பற்றிய பேச்சு அது என்று அவனுக்கு உறைக்கவில்லை. ஒரு வருஷம் கூடவே ஓடியவன் அப்படித்தான் ஏமாறுவான்.

கொட்டகையில் குளிர் எலும்பைத் தொட்டது. திடீரென்று உள்ளே கைதட்டல் வெடித்தது. விசில் பறந்தது. யாரோ மேசையைத் தட்டினார்கள். நிதாலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கூப்பிடட்டும் என்று காத்திருக்க அவனால் முடியவில்லை. கதவைத் தள்ளித் திறந்தான்.

கதவோரம், ஒவ்வொரு கூட்டத்திலும் நிற்பதுபோல, வாளியோடு நின்றவன் ரோனி. புதிதாகச் சேர்ந்தவன் உள்ளே கால் வைத்ததும் தலையில் தண்ணீரைக் கவிழ்ப்பது அந்தப் படையின் வழக்கம். குளிரில் ஒருவன் சொட்டச் சொட்ட நனைந்து வீட்டுக்குப் போனால், அவனைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று ஊரில் பொடிசுகளுக்குக்கூடத் தெரியும். கதவு திறந்ததும் ரோனியின் கை பழக்கத்தில் தானாகக் கவிழ்த்தது. நிதால் மூச்சுத் திணறி, கண்ணைத் துடைத்து, வாய் நிறையச் சிரித்தான். "நன்றிங்க... எல்லாருக்கும் ரொம்ப நன்றி!" என்றான்.

யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் சுவரில் இருந்த டிவியில் இருந்தது. அதில் அந்த அமெரிக்கர் பேசிக்கொண்டிருந்தார்.

தலைவர் ஹோல்கர் டிவியை அணைத்தார். "இன்னும் ஓட்டே எடுக்கலியேப்பா. யாரு உன்ன உள்ள வரச் சொன்னது?"

சிரிப்பு அலை ஒன்று எழுந்து அடங்கியது. "சரி, வந்தது வந்துட்ட, அங்கயே நில்லு" என்றார் ஹோல்கர். "நிதால சேத்துக்கலாம்னு நெனைக்கிறவங்க கையத் தூக்குங்க."

"போன மாசமா இருந்தா மரியாதைக்காச்சும் தூக்கியிருப்பேன்" என்றான் ரோனி, காலி வாளியை ஆட்டியபடி. "இப்ப அமெரிக்காக்காரனே சொல்லிட்டான். இன்னும் யாருக்குடா பயப்படணும்?"

பேக்கரிக்காரர் கை தூக்கினார். பின்வரிசையில் இன்னொருவர் தூக்கி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். நிதால் ஹைக்கேயைப் பார்த்தான். அவள் கை மேசையிலிருந்து எழுந்தது. காது வரைக்கும் வந்தது. வந்து, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, திரும்ப மடியில் போய் விழுந்தது.

ஹோல்கர் அவன் ஈரத் தோளைத் தட்டினார். "மனசுல வெச்சுக்காதப்பா. உன்மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல. ஈஸ்டருக்கு ஊர்ல நெருப்பு மூட்டுற அன்னைக்குக் கறி சுட வந்துடு, என்ன? உன் கைப்பக்குவம் இங்க எவனுக்கும் வராது."

"தண்ணிதான் வேஸ்ட்டு" என்றான் ரோனி.

வாசல் வரைக்கும் ஹைக்கே பின்னாலேயே வந்தாள். "நான் என்னடா பண்றது? ஒருத்தியா கையத் தூக்கினா அப்புறம் என்கூட யாரு பேசுவா? நாளைக்கும் நான் இந்த ஊர்லதான இருக்கணும்."

"நானும் இந்த ஊர்லதான் இருப்பேன்னு நெனச்சேன், ஹைக்கே" என்றான் அவன்.

தெருவில் இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சட்டை விறைத்துத் தோலில் ஒட்டியது. எதிர் வீட்டு ஜன்னலில் யாரோ ஒரு பெண் அவனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். மருந்துக்கடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்து, "வாழ்த்துகள்! அடடா, வாழ்த்துகள்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். இல்லை என்று சொல்ல நிதால் வாயைத் திறந்தான். பல் கிட்டித்தது. மருந்துக்கடைக்காரர் அதற்குள் கடைக்குள் போய்விட்டார்.

வீட்டுக் கதவை அவன் தட்டுவதற்கு முன்பே சுஹா திறந்துவிட்டாள். ஜன்னலில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண் நிறைந்தது.

"நான்தான் தப்பா நெனச்சுட்டேன்" என்றாள். "மனுஷங்கள நம்பாம இருந்துட்டேன். மன்னிச்சிடுப்பா." அவன் பேச வாயெடுப்பதற்குள் போனை எடுத்துவிட்டாள். "இரு, அக்காகிட்ட முதல்ல சொல்லிடறேன். நாங்க வரல, எங்க ஊரு இதுதான்னு."

மகள் லமீஸ் பள்ளிப் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அப்பாவ நனைச்சுட்டாங்க! அப்பாவ நனைச்சுட்டாங்க!" என்று குதித்தாள். அவன் கையைப் பிடித்து இழுத்து, ஈரச் சட்டைக் கையைத் தன் தலைக்கு மேலே கொண்டுபோய், இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தாள்.

"எனக்கும்... எனக்கும்..."

டோர்ட்முண்டில் போன் அடித்துக்கொண்டிருந்தது. சுஹா சிரித்தபடி காதில் வைத்துக் காத்திருந்தாள். லமீஸ் கண்ணை இறுக மூடி, முகத்தை அண்ணாந்து காட்டி நின்றாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அவள் நெற்றியில் விழுந்துகொண்டிருந்தது.